அன்று நான் மாத்திரை போட்டிருந்தேன்

எங்கள் செவ்வாய்க்கிழமை வகுப்பை இப்போது நடத்துகிற ரேவதி போன மாதம் வீட்டுக்கு வந்தாள். புதிதாகச் சேர்ந்திருக்கும் பயிற்றுநர்களுக்குப் படிக்கக் கொடுக்க வேண்டுமாம். "நல்லதா நாலு விஷயம் எழுதிக் குடுங்கக்கா. பதினாறு வருஷம் நடத்தியிருக்கீங்க" என்றாள். மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன். நல்லதாக நாலு விஷயம் வரவில்லை. பேனாவை எடுத்த போதெல்லாம் ஒரே ஒரு மதியம்தான் முன்னால் வந்து நின்றது. அதையே எழுதிவிடுகிறேன். கொடுப்பதா வேண்டாமா என்பதை அவள் முடிவு செய்துகொள்ளட்டும்.

முதலில் நான் தட்டச்சு சொல்லிக்கொடுத்தவள். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தில் லோயர், ஹையர் தேர்வுகள் இரண்டுக்கும் பயிற்சி கொடுத்தேன். இருபத்தேழு வயதில் எனக்குக் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. நான் தட்டப்போகும் ஒவ்வொரு எழுத்தையும் ஓர் ஆண் குரல் எனக்கு முந்திக்கொண்டு படித்தது. பிறகு திட்டியது. பிறகு உத்தரவு போட்டது. மருத்துவமனை, கோயில், தர்கா, மறுபடி மருத்துவமனை என்று ஒன்பது ஆண்டுகள் போயின. சரியான மருந்து அமைந்து குரல் அடங்கிய பிறகும் பயிலகத்தில் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. "பசங்க பயப்படுவாங்கம்மா" என்றார் உரிமையாளர். என்னிடம் படித்த பசங்களில் இரண்டு பேர் அப்போது நீதிமன்றத்தில் தட்டச்சர்களாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எஸ்தர் மேடம் என் வீட்டுக்கு வந்தது அதற்கும் ஏழு வருஷம் கழித்துத்தான். ஓர் அறக்கட்டளையில் மனநல சமூகப் பணியாளர்; மனநோயிலிருந்து மீள்கிறவர்களுக்கு அங்கே வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கிய வயது, வெளிர் நிறப் பருத்திச் சேலை, கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கும் மூக்குக் கண்ணாடி. அதுவரை வீட்டுப் படியேறிய எல்லாரும் "உனக்கு இன்னாமா ஆச்சு?" என்றுதான் கேட்டிருக்கிறார்கள். இவர், "எது உங்களுக்கு உதவுச்சு?" என்று கேட்டார். நான் பேச ஆரம்பித்தேன். இரண்டு மணி நேரம் பேசினேன். கடைசியில், "இதையே வகுப்பில சொல்வீங்களா? நோய் வந்து மீண்டவங்கதான் அந்தப் பாடத்தை நடத்தணும்னு எனக்குத் தோணுது" என்றார்.

ஆறு மாதப் பயிற்சி. அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மேடம் வகுப்பு எடுப்பார், நான் பார்ப்பேன். பிறகு நான் எடுப்பேன், அவர் பார்ப்பார். நடுவில் குறுக்கிடவே மாட்டார். வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு ஒரு துண்டுச் சீட்டை என் கையில் தருவார். அதில் ஒரே ஒரு வரி இருக்கும். "இன்று உங்கள் கதை அவர்கள் கதையை மிதித்துவிட்டது" என்று ஒரு முறை. "யாராவது கேள்வி கேட்டால் தாங்க முடியாத எதையும் சொல்லாதீர்கள்" என்று ஒரு முறை. அந்தச் சீட்டுகளுக்குப் பயந்தே நான் ஆசிரியையானேன் என்று சொல்லலாம்.

வகுப்புக்கென்று சில முறைகள் வைத்திருந்தார். நாற்காலிகள் வட்டமாக, நடுவில் மேசை கிடையாது. கதவுக்குப் பக்கத்து நாற்காலி எப்போதும் காலியாக இருக்க வேண்டும். யாருக்காவது மூச்சு முட்டினால் அதில் போய் உட்காரலாம், எழுந்து வெளியே போகலாம், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. வந்தவுடன் ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்விகள்: தூங்கினீங்களா, சாப்பிட்டீங்களா, வெளிக்குப் போனீங்களா. மூன்றாவது கேள்வியைக் கேட்க எனக்கு நாக்குக் கூசியது. மேடத்திடம் சொன்னேன்.

"இந்த மாத்திரைங்கள்ல சிலது குடலைத் தூங்க வச்சிடும் மல்லிகா. மனசைப் பத்திக் கேக்க எல்லாரும் இருக்காங்க. குடலைப் பத்தி நாமதான் கேக்கணும்" என்றார்.

கேட்கப் பழகிக்கொண்டேன்.

அறக்கட்டளையின் ஆண்டு விழாக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். செயலாளர் என்னை மேடைக்குக் கூப்பிடுவார். நல்ல மனிதர்தான், வெள்ளைச் சட்டை, எப்போதும் சிரித்த முகம். என் தோளுக்குப் பக்கத்தில் கையை நீட்டி, "இவங்களைப் பாத்தா அப்படித் தெரியுதா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்பார். தெரியவில்லை என்று கூட்டம் கைதட்டும். 'அப்படி' என்றால் எப்படி என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இன்று நினைத்தாலும் உடம்பு எரிகிறது.

பன்னிரண்டு வாரப் படிப்பில் ஐந்தாவது வாரப் பாடம், நோயை யாரிடம் சொல்வது என்பது. முதலாளியிடம் சொல்வதா, சம்பந்தி வீட்டில் சொல்வதா என்று பெரிய விவாதமே நடக்கும். ஆனால் ஒரு விஷயத்தில் நான் சந்தேகமில்லாமல் பேசுவேன். "டாக்டர்கிட்ட மறைக்காதீங்க. எந்த டாக்டரா இருந்தாலும் சொல்லுங்க. படிச்சவங்க, புரிஞ்சுக்குவாங்க." பல வருஷம் இதைச் சொல்லிக்கொடுத்தேன். நம்பித்தான் சொன்னேன்.

தில்லி என்பவர் வாலாஜாபாத்திலிருந்து வகுப்புக்கு வந்தவர். முப்பத்து நாலு வயது. அரிசி ஆலையில் மூட்டை வாய் தைக்கிற வேலை. அவருக்கும் குரல்கள், வேறு எந்த மருந்துக்கும் கேட்காமல் கடைசியில் ஒரு மருந்துக்குத்தான் அடங்கியிருந்தன. அதிகம் பேச மாட்டார். ஆனால் பஸ் பிடித்து எல்லாருக்கும் முன்னால் வந்து நாற்காலிகளை வட்டமாகப் போட்டுவைப்பார். அவர் மனைவி தேவி ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறவள்.

ஏழாவது வாரம் தில்லி தாமதமாக வந்தார். வந்தவர் நேராகக் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. மூன்று கேள்விகளையும் கேட்டுக்கொண்டே அவரிடம் வந்தேன்.

"வெளிக்குப் போனீங்களா தில்லி?"

தலையைக் குனிந்துகொண்டார். "ஒம்பது நாளாச்சுக்கா. வவுறு கல்லாட்டம் இருக்குது. காத்தாலேர்ந்து வாந்தி."

"போன வாரம் போனேன்னு சொன்னீங்களேப்பா?"

"லேடீஸ்லாம் இருந்தாங்கக்கா."

சட்டைக்கு மேலேயே தெரிந்தது, வயிறு உப்பி நின்றது. ரேவதி அப்போது வகுப்பில் படிக்க வந்தவள். அவளிடம் வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்துத் தில்லியை ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எந்த மருத்துவமனை என்று எழுதப்போவதில்லை. அப்போது மணி பதினொன்றரை.

அவசரப் பிரிவில் ஓர் இளம் மருத்துவர் இருந்தார். தில்லி தன் பையிலிருந்து மனநலப் பிரிவு நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். நான் சொல்லிக்கொடுத்தது அது. மருத்துவர் நோட்டைப் புரட்டினார். தில்லியைப் பார்க்கவில்லை.

"சைக்கியாட்ரி கேஸா? இங்க ஏன் வந்தீங்க? அந்தப் பில்டிங்குக்குக் கூட்டிட்டுப் போங்க."

"டாக்டர், இவருக்கு வயிறு வலி. ஒன்பது நாளா மலம் போகலை. காலையிலிருந்து வாந்தி. இவர் சாப்பிடற மருந்துக்குக் குடல் அடைச்சுக்க வாய்ப்பு இருக்குது. ஒரு தடவை வயித்தைத் தொட்டுப் பாருங்க."

"இந்த மாதிரி பேஷண்டுங்களுக்கு உடம்புல எல்லா இடத்திலயும் வலிக்கும்மா. நீங்க யாரு, வீட்டுக்காரம்மாவா?"

"டீச்சர்."

"என்ன டீச்சர்?"

சொன்னேன். மீள்கிறவர்களுக்கு வகுப்பு நடத்துகிறேன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஐந்தாவது வாரப் பாடம் என் வாயில் வந்தது. "நானும் இந்த நோய் வந்து குணமானவதான் டாக்டர். நானும் மாத்திரை சாப்பிடறவ. அதனாலதான் எனக்கு இது தெரியும்."

அவர் முகம் மாறியதை எப்படி எழுதுவது? கோபமோ வெறுப்போ இல்லை, கனிவுதான் வந்தது. குழந்தையிடம் பேசுகிற குரலில் கேட்டார்:

"சரிம்மா. நீங்க இன்னிக்கு மாத்திரை போட்டீங்களா?"

பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டது தெரிந்தது. பின்னால் தில்லி சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

நான் கத்தினேன். ஆமாம், கத்தினேன். "என்னைப் பத்திக் கேக்காதீங்க, அவரைப் பாருங்க! அவர் வயித்தைப் பாருங்க!" என்று அந்தக் கூடத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி கத்தினேன். காவலாளி வந்து என் முழங்கையைப் பிடித்தார். மருத்துவர் நர்ஸிடம் தணிந்த குரலில், "இவங்களுக்கும் ஒரு ஊசி போட வேண்டியிருக்கும் போல" என்றார். எனக்குக் கேட்டது.

அந்த ஊசி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். போட்டால் நான் எட்டு மணி நேரம் எழுந்திருக்க மாட்டேன். அதற்குள் தில்லி போய்விடுவார். அதனால் என் வாழ்க்கையிலேயே கேவலமான ஒரு காரியத்தைச் செய்தேன். குரலைத் தாழ்த்தினேன். "மன்னிச்சிடுங்க டாக்டர், போட்டுட்டேன், காலையிலயே போட்டுட்டேன்" என்றேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு மனிதன் கண்ணெதிரே சுருண்டுகொண்டிருக்கும்போது பதறாமல் இருப்பவர்தான் மனநலம் உள்ளவர் என்று அங்கே நிரூபிக்க வேண்டியிருந்தது. உட்கார்ந்தபடியே எஸ்தர் மேடத்துக்கு போன் செய்தேன்.

கால் மணி நேரத்தில் வந்தார். குடையை மடக்கி ஓரமாக வைத்தார். தில்லி பக்கத்தில் குனிந்து, "எப்ப கடைசியா காத்து பிரிஞ்சது தம்பி?" என்று கேட்டார். முந்தாநாள் என்றார் தில்லி. மேடம் நேராக மருத்துவரின் மேசைக்குப் போனார். குரல் உயரவே இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, அவர் முன்னாலேயே நின்றுகொண்டு எழுதினார். வந்த நேரம், நோயாளி பெயர், என்ன சொன்னார், எத்தனை நாள். கடைசி வரியை எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்: "பன்னிரண்டு மணி பத்து நிமிடம் வரை வயிறு பரிசோதிக்கப்படவில்லை."

பிறகு தாளைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினார். "படிச்சுப் பாத்துக் கையெழுத்து போடுங்க டாக்டர். நான் எழுதினது தப்பா இருந்தா அந்த வரியை அடிச்சிடுங்க."

மருத்துவர் தாளைப் பார்த்தார். பேனாவை எடுக்கவில்லை. எழுந்து வந்தார். தில்லியைப் படுக்க வைத்து வயிற்றில் கை வைத்தார். கை வைத்த மாத்திரத்தில் அவர் முகத்தில் இருந்த கனிவு போய்விட்டது. எக்ஸ்ரே, அறுவைப் பிரிவுக்கு போன், சக்கரப் படுக்கை என்று எல்லாம் ஓட ஆரம்பித்தன. அன்று சாயங்காலத்துக்குள் அறுவை சிகிச்சை முடிந்தது. குடலில் ஒரு துண்டு செத்துப் போயிருந்தது. வெட்டி எடுத்துவிட்டு, வயிற்றின் பக்கத்தில் துளை போட்டு, மலம் சேர ஒரு பை வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று அறுவை மருத்துவர் தேவியிடம் சொன்னார்.

அறுவை நடந்துகொண்டிருந்தபோது நானும் மேடமும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். மேடம் என் கையைப் பிடித்து, "நீங்க சரியாத்தான் சொல்லியிருக்கீங்க மல்லிகா. ஒண்ணு விடாம சரியா" என்றார்.

"அதே வார்த்தைதானே மேடம்? நான் சொன்னதும் நீங்க சொன்னதும் ஒண்ணுதானே? அப்புறம் ஏன் உங்க வாயிலேர்ந்து வந்தா மட்டும் அது வயிறு வலியாவுது?"

 அதற்குப் பதில் இருந்தால் இன்றும் தெரிந்துகொள்ள ஆசைதான்.

பத்து நாள் கழித்து மருத்துவமனையிலிருந்து அறக்கட்டளைக்குக் கடிதம் வந்தது. நன்றிக் கடிதம் என்று நினைத்தவள் நான். 'தங்கள் அமைப்பின் தன்னார்வலராகிய ஒரு மனநோயாளி அவசரப் பிரிவில் கட்டுக்கடங்காமல் நடந்துகொண்டார்' என்று இருந்தது. ஒன்பது நாள், வாந்தி, வயிறு எதுவும் அதில் இல்லை. நான் மட்டும்தான் இருந்தேன்.

செயலாளர் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். அன்று எனக்கு உடல்நிலை சரியில்லை, நடந்ததற்கு வருந்துகிறேன் என்று தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். "ரெண்டே வரிதான்மா. கையெழுத்து போட்டுட்டீங்கன்னா விஷயம் முடிஞ்சிடும்" என்றார் சிரித்த முகத்தோடு.

போட மாட்டேன் என்றேன். அப்போது அந்த அறையில் இருந்த எஸ்தர் மேடம் பேசினார். அவர் பேசுவார் என்று நானும் எதிர்பார்த்தேன். இப்படிப் பேசுவார் என்று எதிர்பார்க்கவில்லை.

"போட்டுடுங்க மல்லிகா. நாளைக்கும் நம்ம ஆளுங்களை அதே கதவு வழியாத்தான் அனுப்பணும். அந்தக் கதவு மூடிக்கக் கூடாது."

"என் பேரை வச்சு முட்டுக் குடுத்துத் திறக்கிற கதவா மேடம் அது?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

எனக்கு இரண்டு மாத ஓய்வு கொடுத்தார்கள். நான் கேட்காத ஓய்வு. வகுப்பில், அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள். நான் காய்கறி வாங்கப் போகும்போது பழைய மாணவர்கள் எதிரில் வந்து, "நல்லா இருக்கீங்களாக்கா? மாத்திரை விடாம போடறீங்களா?" என்று அக்கறையாக விசாரித்தார்கள். அவர்கள்மேல் எப்படிக் கோபப்படுவது? அந்த அக்கறையைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

அந்த நாட்களில் ஜெராக்ஸ் கடையில் இருந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நானே ஒரு வாக்குமூலம் தட்டச்சு செய்தேன். நான்கு பக்கம். ஒரு பிழை இல்லாமல் அடித்தேன். முதல் வரி: 'அன்று காலை எட்டு மணிக்கு நான் என் மாத்திரையைப் போட்டிருந்தேன்.' அந்த வரியை எடுத்துவிடலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். வேறு எந்தச் சாட்சியாவது தன் கண்ணால் பார்த்ததைச் சொல்ல முதலில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதா? ஆனால் அது இல்லாவிட்டால் இரண்டாவது வரியைப் படிக்க மாட்டார்கள் என்று தெரிந்ததால் விட்டுவைத்தேன். மருத்துவமனைத் தலைமைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒரு பிரதியைச் செயலாளரிடம் கொடுத்தேன். பதில் வரவேயில்லை.

என்னை மறுபடி வகுப்புக்குக் கொண்டுவந்தவள் தேவி. கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, பை கட்டிய வயிற்றோடு தில்லியையும் கூட்டிக்கொண்டு செயலாளர் அறைக்குப் போயிருக்கிறாள். அங்கே இருந்த ரேவதி பிறகு எனக்குச் சொன்னாள்.

"அக்கா கத்தலன்னா எங்க வூட்டுக்காரு செத்துருப்பாருங்க சார். கத்தினதுக்கு லெட்டர் போடறாங்களே, பாக்காம வுட்டதுக்கு யாருனா லெட்டர் போட்டாங்களா? அக்கா எப்ப வருவாங்கன்னு சொல்லுங்க. சொல்ற வரிக்கும் நாங்க இங்கயே ஒக்காந்துக்கினு இருக்கோம்."

இரண்டு பேரும் மதியம்வரை உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த செவ்வாயிலிருந்து நான் வகுப்புக்குப் போனேன். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் கடிதம் கோப்பில் அப்படியே இருக்கிறது. கையெழுத்துப் போடாத அந்த இரண்டு வரித் தாளும் அதன் பின்னால் குத்தப்பட்டிருக்கிறது.

ஐந்தாவது வாரப் பாடத்தை மாற்றி எழுதினேன். உடம்புக்கு ஏதாவது என்றால் மருத்துவரிடம் எப்படிப் பேசுவது என்று ஒரு தனிப் பாடமே வைத்தேன். முதலில் வலியைச் சொல்லுங்கள், எந்த இடம், எத்தனை நாள். கையை எடுத்து அந்த இடத்தில் வைத்துக் காட்டுங்கள். அதற்கப்புறம் நோட்டை நீட்டுங்கள். நோட்டை மறைக்காதீர்கள்; தில்லியின் குடலை அடைத்தது அந்த மருந்துதான், அது மருத்துவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். முடிந்தால் கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், இந்த நோய் வராத ஒருவரை. சத்தம் போடாதீர்கள்.

இரண்டிரண்டு பேராக நிறுத்தி இதை ஒத்திகை பார்க்க வைத்தேன். ஒருவர் மருத்துவர், ஒருவர் நோயாளி. பல பேருக்கு அது உதவியிருக்கிறது, தெரியும். ஆனால் அந்தப் பாடத்தை நடத்திய ஒவ்வொரு முறையும் எனக்கு வெட்கமாக இருந்தது. வயிறு வலிப்பவன் நாகரிகமாக நடந்துகொள்ளப் பயில வேண்டும். வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டியவர்களுக்கு எந்த வகுப்பும் கிடையாது. மருத்துவம் படிக்கிறவர்கள் ஒரு செவ்வாயாவது எங்கள் வட்டத்தில் வந்து உட்காரட்டும் என்று வருஷா வருஷம் எழுதிப் போட்டேன். நர்ஸிங் படிக்கிற பெண்கள் இரண்டு முறை வந்தார்கள். மருத்துவ மாணவர்கள் ஒரு முறைகூட வரவில்லை.

எஸ்தர் மேடமும் நானும் வேலையில் பேசிக்கொண்டோம். சீட்டு கொடுப்பதை அவர் நிறுத்திவிட்டார். அவர் ஓய்வு பெறும் வாரத்தில் என் வீட்டுக்கு வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் சொன்னார்: "உங்களைக் கையெழுத்து போடச் சொன்னது தப்பு மல்லிகா. அன்னிக்கு ஆஸ்பத்திரியில உங்களை நம்பாத டாக்டரை எழுந்து நிக்க வச்சேன். பத்து நாள் கழிச்சு நானே அவர் நாற்காலியில உக்காந்துட்டேன்." நான் அழுதேன். மன்னித்தேனா என்று கேட்டால், அவர்மேல் இன்றும் அளவில்லாத மரியாதை இருக்கிறது. அந்தக் கோபமும் அப்படியே இருக்கிறது.

சென்ற ஆண்டு எனக்கு அறுபது வயது முடிந்தது. வழியனுப்பு விழா வைத்தார்கள். பழைய மாணவர்கள் கூரத்திலிருந்தும் வாலாஜாபாத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். செயலாளர் மாலை போட்டுவிட்டு மைக்கைப் பிடித்தார். "நம்ம மல்லிகாம்மா உடல்நிலை காரணமா நம்மகிட்டேர்ந்து விடைபெறுறாங்க. அப்பப்ப கோபம் வந்தாலும் குழந்தை மனசு. அவங்க வியாதியையும் மீறி..." என்று போய்க்கொண்டிருந்தது பேச்சு.

எழுந்து போய் மைக்கை வாங்கினேன்.  சொன்னேன்: "என் உடம்புக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு அறுபது வயசு ஆயிடுச்சு, அதனால ஓய்வு. உங்க ஆபீஸ் மேனேஜருக்கும் போன வருஷம் அதேதான் ஆச்சு. எனக்குக் கோபம் வரும். அது என் வியாதி இல்ல. ஒரு மனுஷன் வாந்தி எடுத்துக்கினு நிக்கும்போது திரும்பிப் பாக்காதவங்களைப் பாத்தா யாருக்கும் வர்ற கோபம்."

 செயலாளரின் முகத்தில் சிரிப்பு அப்படியே உறைந்திருந்தது. கடைசி வரிசையில் தில்லிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேவி எழுந்தாள்.

"மைக்கு சரியில்லக்கா. பின்னாடி கேக்கல. இன்னும் சத்தமா சொல்லுங்க."

மைக்கைக் கீழே வைத்துவிட்டு, முதலிலிருந்து மறுபடி சொன்னேன்.